எனாமல் கம்பியும் பற்றாசுக் கலமும்

தெருவில் ஈயம் பூசுவோர் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலத்தை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். மரநிழலில் சிறு குழி தோண்டி, கரியை இட்டுத் துருத்தியால் ஊதி, பித்தளை அண்டாவையோ செம்புத் தவலையையோ அதன்மீது கவிழ்த்துக் காய்ச்சுவார் அத்தொழிலாளி. பாத்திரம் தக்க சூட்டை அடைந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார், வெண்புகை எழும். உடனே வெள்ளீயக் குச்சியால் ஒரு கோடு இழுத்துப் பஞ்சினால் துடைப்பார். கறுத்திருந்த பாத்திரத்தின் உட்புறம் நொடிப்பொழுதில் வெள்ளி போல் ஒளிரும்.

இந்தக் காட்சியில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. பூசப்பெறும் உலோகம் தூய்மையாக இருத்தல் வேண்டும். வேண்டிய அளவு சூடு இருத்தல் வேண்டும். உலோகத்தின் மேற்பரப்பில் படியும் ஆக்சைடை நீக்கவல்ல ஒரு பொருள் துணை நிற்றல் வேண்டும். அண்டாவுக்கு வேண்டிய இம்மூன்றும், தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பிக்கும் வேண்டும். ஆனால் கம்பியின் மீது எனாமல் என்னும் உறுதியான மேலாடை ஒன்று இருக்கின்றது. அதனை நீக்கி, கம்பி அறாமல் அதன் முனைக்கு ஈயம் பூசுதல் எளிய செயலன்று. மின்பொறித் தொழிலில் இதற்கென அமைந்த கருவியே, பட்டறைகளில் 'சால்டர் பாட்' என வழங்கும் பற்றாசுக் கலமாகும்.

கம்பிக்கு ஏன் மேலாடை?

மின்காந்தம், டிரான்ஸ்பார்மர், மோட்டார், டெலிபோன் ரிலே ஆகிய யாவும் கம்பிச் சுருளால் இயங்குவன. சுருளின் ஆற்றல் சுற்றுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அடுத்தடுத்த சுற்றுக்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிட்டால் சுருள் பயனற்றுப் போகும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் மின்காப்பு வேண்டும். முற்காலத்தில் பருத்தி நூலையும் பட்டு நூலையும் கம்பியின்மேல் சுற்றி இக்காப்பினைச் செய்தனர். நூல் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், ஈரத்தையும் உறிஞ்சும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெயும் பிசினும் கலந்த எனாமல் வழக்கிற்கு வந்தது. பின்னர்ச் செயற்கைப் பிசின்கள் அதன் இடத்தைப் பெற்றன. மெல்லிய கம்பியின்மீது ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள எனாமல், பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும்.

ஓர் எளிய கணக்கினால் இதன் அருமை விளங்கும். 40 ஆம் எண் கம்பியின் குறுக்களவு ஏறக்குறைய 0.122 மில்லிமீட்டர். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 1.48 ஓம். 500 ஓம் தடையுள்ள ஒரு சுருள் வேண்டுமாயின் சுமார் 340 மீட்டர் கம்பி தேவை. ஒரு சுற்றின் சராசரி நீளம் 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், கம்பியை ஏறக்குறைய 6,800 முறை சுற்றுதல் வேண்டும். இத்தனை சுற்றுக்களையும் பிழையின்றிச் சுற்றி முடித்த பின்னர், எஞ்சி நிற்பவை இரண்டே முனைகள். அம்முனைகளில் ஒன்று சரியாகப் பற்றவைக்கப்படாவிடினும் 6,800 சுற்றுக்களும் வீண். எனாமல் சிறிதளவு எஞ்சியிருந்து இணைப்பு அரைகுறையாக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சுருள் பரிசோதனையில் தேறிவிடும். பின்னர் எங்கோ ஓர் ஊரில், மழைக்கால இரவு ஒன்றில், இணைப்பு மறுத்துவிடும்.

பெங்களூரும் கம்பிச் சுருளும்

இந்தியாவில் இந்நுண்தொழில் பெரிய அளவில் வேரூன்றிய நகரங்களுள் பெங்களூர் முதன்மையானது. 1948 ஆம் ஆண்டில் அங்கு இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. கிருஷ்ணராஜபுரத்தை அடுத்து எழுந்த அதன் குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயர். தூரவாணி என்பது கன்னடத்தில் டெலிபோனைக் குறிக்கும் சொல். பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்புடன் ஸ்ட்ரோஜர் முறைத் தானியங்கி டெலிபோன் நிலையங்களுக்கான சாதனங்கள் அங்கு உற்பத்தியாயின. 1891 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஆல்மன் ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்ற இம்முறையில், சந்தாதாரர் எண் தட்டைச் சுழற்றுந்தோறும் நிலையத்தில் ரிலேக்களும் தேர்விகளும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கி மறுமுனையை எட்டும். அவ்வரிசையில் ஒரு ரிலே இயங்க மறுத்தாலும் பேச்சு இல்லை. 1954 ஆம் ஆண்டில் பாதுகாப்புத் துறையின் சார்பில் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தோன்றியது. அதன் வானொலிச் சாதனங்களிலும் கம்பிச் சுருள்கள் எண்ணிறந்தன.

சுருள் சுற்றுதல், முனைகளைப் பற்றவைத்தல், இணைப்புக் கம்பிகளை ஒழுங்குபடுத்துதல் ஆகிய பணிகளில் பெண்கள் பலர் ஈடுபட்டனர். கூர்ந்த பார்வையும் பொறுமையும் பதற்றமற்ற கையும் இப்பணிக்கு இன்றியமையாதவை. கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த அக்குடியிருப்புக்களில், டெலிபோன் என்பது சுவரில் தொங்கும் பெட்டியாக மட்டும் இருக்கவில்லை. அது அன்றாடக் கைத்தொழிலாகவும் இருந்தது.

காலம் மாறிற்று. 1984 ஆம் ஆண்டில் டெலிமாட்டிக்ஸ் வளர்ச்சி மையம் தொடங்கப்பெற்றது. அம்மையம் வடிவமைத்த 128 இணைப்புக்களுள்ள கிராமத் தானியங்கி நிலையம் 1986 இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கலாயிற்று. மின்னணு முறை பரவப் பரவ, ஸ்ட்ரோஜர் நிலையங்களின் ரிலே ஓசை ஓய்ந்தது. எனினும் எனாமல் கம்பி மறையவில்லை. கைப்பேசியின் மின்னூட்டியில் உள்ள விரற்கடையளவு டிரான்ஸ்பார்மரிலும், ஒலிபெருக்கியிலும், மின்சாரக் கடிகாரத்திலும், மோட்டார் வாகனங்களின் உணர்கருவிகளிலும் அது இருக்கின்றது. பெங்களூர் எஸ். பி. ரோட்டின் நெருக்கமான கடைவரிசையில் எனாமல் கம்பி உருளைகளையும் சிறு பற்றாசுக் கலங்களையும் இன்றும் காணலாம்.

சுரண்டுவதன் குறைகள்

எனாமலை நீக்கும் மிகப் பழைய முறை சுரண்டுவது. கத்தி முனையாலோ உப்புக் காகிதத்தாலோ கம்பியின் முனையைத் தேய்த்துச் செப்பு வெளிப்பட்டதும் பற்றவைப்பர். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுள்ள கம்பிக்கு இம்முறை போதுமானது. மெல்லிய கம்பியில் மூன்று இடர்கள் நேரும். முதலாவது, கத்தி செப்பிலும் பதிந்து தழும்பை உண்டாக்கும். அதிர்ச்சி படும்போது கம்பி அத்தழும்பில் ஒடியும். இரண்டாவது, கம்பியின் ஒரு பக்கம் பளபளக்க, மறுபக்கத்தில் எனாமல் எஞ்சி நிற்கும். கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. மூன்றாவது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முனைகளைச் சுரண்டும் கை சோர்வடையும். காலையில் செய்த இணைப்பும் மாலையில் செய்த இணைப்பும் ஒன்றாய் இரா.

சிலர் முனையைச் சாராய விளக்கின் சுடரில் காட்டி எனாமலை எரிப்பர். எனாமல் எரியும் என்பது உண்மையே. ஆனால் காற்றில் காய்ச்சப்படும் செம்பின்மேல் கரிய ஆக்சைடு உடனே படியும். பற்றாசு அதன்மேல் ஒட்டாது. செம்பும் இளகி வலிமை குன்றும். வானொலிச் சுருள்களில் பயன்படும் பல்லிழைக் கம்பியில் இடர்ப்பாடு மேலும் மிகும். தனித்தனியே எனாமல் பூசிய பத்து, இருபது இழைகள் ஒன்றாக முறுக்கப்பட்ட அக்கம்பியில் ஒவ்வோர் இழையும் பற்றப்பட வேண்டும். சில இழைகள் விடுபட்டாலும் சுருளின் திறன் குறையும். அத்தனை இழைகளையும் கத்தியால் சுரண்டுவது இயலாத காரியம்.

சூட்டில் விலகும் எனாமல்

1937 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய துணைவர்களும் பாலியூரித்தேன் என்னும் பொருள்வகையைக் கண்டனர். அதனைக் கம்பியின் மேற்பூச்சாக அமைத்தபோது ஓர் அரிய பண்பு பயன்பட்டது. அறை வெப்பத்தில் உறுதியாகவும் வழவழப்பாகவும் நிற்கும் இப்பூச்சு, ஏறத்தாழ 375° முதல் 400° சென்டிகிரேடு வரையிலான சூட்டில் தன் வேதிப் பிணைப்புக்களை இழந்து சிதைகின்றது. சிதைந்த பகுதி ஆவியாகவும் சிறு கசடாகவும் விலகுகின்றது.

அச்சூட்டிலுள்ள உருகிய பற்றாசில் கம்பியின் முனையை ஆழ்த்தும்போது நிகழ்வது நோக்கத்தக்கது. எனாமல் விலகும் அதே கணத்தில் செம்பைச் சூழ்ந்திருப்பது காற்றன்று, உருகிய உலோகமே. பிராணவாயு அங்கு இல்லாமையால் செம்பின்மேல் புதிதாக ஆக்சைடு படிய வாய்ப்பில்லை. ஆகவே வெளிப்பட்ட செம்பைப் பற்றாசு அப்போதே பற்றிக்கொள்கின்றது. எனாமலை உரித்தல், தூய்மையைக் காத்தல், ஈயம் பூசுதல் ஆகிய மூன்றும் ஓரிரு விநாடிகளில் ஒரே செயலாக முடிகின்றன. சுடர் செய்ய இயலாததைக் கலம் செய்வதன் காரணம் இதுவே.

எல்லா எனாமலும் இவ்வாறு விலகுவதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பற்றவைக்கத்தக்க பாலியெஸ்டர்-இமைடு வகைகளுக்கு 470° அளவிலான சூடு தேவைப்படும். மோட்டார்களில் பயன்படும் உயர்வெப்ப எனாமல்களாகிய சாதாரண பாலியெஸ்டரும் பாலியமைடு-இமைடும் கலத்தின் சூட்டுக்கு அடங்குவதில்லை, கருகுமேயன்றி விலகா. கிராமத்துப் பம்பு செட்டின் மோட்டாரைத் திரும்பச் சுற்றும் வைண்டிங் பட்டறையில் இன்றும் கத்தியும் உப்புக் காகிதமும் கைவிடப்படாமைக்கு இது காரணம். அவற்றை அறியாமை என்று கருதுதல் தவறு. அலுமினியக் கம்பியின் நிலை வேறு. சாதாரணப் பற்றாசு அதன்மீது ஒட்டவே ஒட்டாது. கம்பி உருளையின் மீதுள்ள சீட்டில் எனாமலின் வகையும் வெப்ப வகுப்பும் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்த பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று.

கலத்தின் அமைப்பு

பற்றாசுக் கலம் எளிய கருவி. வார்ப்பிரும்பு, எஃகு அல்லது டைட்டேனியத்தாலான ஒரு கிண்ணம். அதனைச் சூழ்ந்து மின்தடைச் சூடேற்றி. சூட்டை ஓர் அளவில் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி. இவ்வளவே அதன் உறுப்புக்கள். மேசைமீது வைக்கத்தக்க சிறு கலத்தில் சில நூறு கிராம் முதல் இரண்டொரு கிலோகிராம் வரை பற்றாசு கொள்ளும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த பற்றாசு 183° சூட்டில் உருகுகின்றது. வெள்ளீயம் தனித்து 232° சூட்டிலும், காரீயம் தனித்து 327° சூட்டிலும் உருகுவன. இரண்டும் சேர்ந்தபோது இரண்டினும் தாழ்ந்த சூட்டில் உருகுவது உலோகக் கலவைகளின் இயல்புகளுள் ஒன்று.

பற்றாசு 183° சூட்டில் உருகிவிடுவதனால் கலம் வேலைக்கு ஆயத்தமாயிற்று என்று எண்ணிவிடுதல் புதியவர்கள் செய்யும் பிழை. பற்றாசு உருகுவதற்கு வேண்டிய சூடு வேறு. எனாமல் சிதைவதற்கு வேண்டிய சூடு வேறு. 250° அளவில் நிற்கும் கலத்தில் எனாமல் கம்பியை எவ்வளவு நேரம் ஆழ்த்தினாலும் எனாமல் பழுத்துக் கறுத்து இறுகுமேயன்றி விலகாது. அவ்வாறு இறுகிய பின் உயர்ந்த சூட்டிலும் அது எளிதில் அகலுவதில்லை. ஆகவே பாலியூரித்தேன் கம்பிக்குக் கலத்தின் சூட்டை 390° அளவில் நிறுத்தி, கலத்தின் குமிழை மட்டும் நம்பாமல் வெப்பமின்னிரட்டைக் கருவியால் அளந்து உறுதி செய்துகொள்வது நல்ல வழக்கம்.

செய்முறை

வேலையைத் தொடங்குமுன் கம்பி, கரண்டி, இடுக்கி யாவும் உலர்ந்திருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். உருகிய உலோகத்தினுள் ஒரு துளி நீர் புகுந்தாலும் அது திடீரென நீராவியாகிப் பல நூறு மடங்கு விரிந்து பற்றாசை வெளியே வீசியடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும், உடலுக்குப் பருத்தி மேலங்கியும், மூடிய காலணியும் அணிந்தே கலத்தின்முன் நிற்க வேண்டும்.

உருகிய பற்றாசின்மேல் சாம்பல் நிற ஏடு படியும். இது காற்றோடு கூடி உண்டான ஆக்சைடுக் கசடு. ஒவ்வொரு முனையையும் ஆழ்த்துமுன் எஃகுத் தகட்டினால் இதனை ஒருபுறமாக ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்காவிடின் கம்பி கசடைக் கடந்து சென்று, மீண்டும் கசடை ஏந்திக்கொண்டே வெளிவரும். சேரும் கசடை மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டு வைக்க வேண்டும். ஊதித் தள்ளுதல் கூடாது.

பின்னர்க் கம்பியின் முனையை இளக்கியில் தோய்க்க வேண்டும். பைன் மரத்துப் பிசினாகிய ரோசினைச் சாராயத்தில் கரைத்தது இதற்கு ஏற்ற இளக்கி. அண்டாவுக்கு உதவிய நவச்சாரமும், தகர வேலையில் பயன்படும் துத்தநாகக் குளோரைடும் இங்கு ஆகா. அவற்றின் எச்சம் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டு மெல்லிய செம்பை நாளடைவில் அரித்துவிடும். அண்டாவை நீரால் கழுவிவிடலாம். ஆயிரம் சுற்றுக்களின் இடையே கசிந்து புகுந்த உப்பைக் கழுவ முடியாது.

தோய்த்த முனையைச் செங்குத்தாகக் கலத்தில் இறக்கி, வேண்டிய நீளம்வரை ஆழ்த்தி, சீராக மேலே எடுக்க வேண்டும். கால அளவு கம்பியின் பருமனுக்கு ஏற்ப மாறும். மெல்லிய கம்பிக்கு ஒன்று அல்லது இரண்டு விநாடி போதும். அரை மில்லிமீட்டர்க் கம்பி சூடேற நான்கைந்து விநாடி வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு புதிய உருளையிலிருந்தும் சில துண்டுகளை வெட்டிச் சோதித்து, காலத்தை முடிவு செய்துகொள்ளுதல் நன்று. ஆறிய பின் முனையைச் சாராயம் தோய்ந்த துணியால் துடைக்க, எல்லையிலுள்ள கரியும் பிசினும் அகலும். நல்ல பூச்சு முழுச் சுற்றும் வெண்மையாய் ஒரே சீராய் ஒளிரும். கரும்புள்ளிகள் காணப்பட்டால் சூடு போதவில்லை, அல்லது கசடு ஒட்டியுள்ளது என்பது பொருள்.

கரையும் செம்பு

கலத்தில் அதிக நேரம் வைத்தால் பூச்சு இன்னும் உறுதிப்படும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை இதற்கு மாறானது. உப்பு நீரில் கரைவதுபோல், செம்பு உருகிய வெள்ளீயத்தில் கரைகின்றது. சூடு உயர்ந்தால் கரையும் வேகமும் உயர்கின்றது. தடித்த கம்பியில் இந்த இழப்பு பொருட்படுத்தத்தக்கதன்று. 0.05 மில்லிமீட்டர்க் கம்பியிலோ, சில விநாடிகள் தாமதித்தால் முனை கலத்தினுள்ளேயே மறைந்துபோகலாம்; மறையாவிடினும் பூச்சின் அடியில் மெலிந்து நின்று பின்னர் அறும்.

இதற்குத் தொழில் வல்லார் கண்ட மாற்று வழி நுட்பமானது. பற்றாசிலேயே முன்கூட்டிச் சிறிதளவு செம்பைக் கலந்துவிடுகின்றனர். ஏற்கெனவே உப்புக் கரைந்த நீர் மேலும் உப்பைக் கரைக்கத் தயங்குவதுபோல், செம்பு கலந்த பற்றாசு கம்பியை மெதுவாகவே கரைக்கின்றது. எனினும் நாள்தோறும் ஆழ்த்தப்படும் கம்பிகளிலிருந்தும் செம்பு கலத்தில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் பற்றாசு மணல்மணலாகி ஓட்டம் குன்றும். அப்போது பழைய பற்றாசை நீக்கிப் புதியதை இடுதல் வேண்டும்.

புகையும் காரீயமும்

முனை கலத்தில் ஆழும்போது எழும் மெல்லிய புகையை அற்பமெனக் கருதலாகாது. சிதையும் பாலியூரித்தேனிலிருந்து ஐசோசயனேட் என்னும் சேர்மங்கள் வெளிப்படும். 1984 டிசம்பரில் போபாலில் பல்லாயிரவரை வாட்டிய மீத்தைல் ஐசோசயனேட்டு இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கலத்தின்மேல் எழுவது வேறு சேர்மம். அளவும் மிகச் சிறிது. ஆயினும் நாள்தோறும் அதனைச் சுவாசிப்பவருக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் தோன்றி, நாளடைவில் ஆஸ்துமா உண்டாகலாம். ஒருமுறை உடல் இதற்குக் கூருணர்வு பெற்றுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலை வருவிக்கும். ரோசின் புகைக்கும் இத்தீமை உண்டு. எனவே கலத்தின் மேல் அல்லது பின்புறம் புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைதல் கட்டாயம். முகத்தின் முன் சுழலும் மின்விசிறி புகையை அறை முழுவதும் பரப்புமேயன்றி அகற்றாது. எனாமலைப் போக்க ஆஸ்பிரின் மாத்திரையின்மேல் கம்பியை வைத்துச் சுடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அதன் புகையும் தொண்டையை அரிப்பது. அதனை விலக்குக.

காரீயத்தின் தீமை வேறு வழியில் வருகின்றது. 390° சூட்டில் காரீயம் ஆவியாவது மிகச் சொற்பம். கசடின் தூள் கையில் ஒட்டி, கையிலிருந்து உணவுக்கும், உடையோடு வீட்டுக்கும் செல்வதே உண்மையான அபாயம். வளரும் குழந்தையின் மூளைக்குக் காரீயம் பெருந்தீங்கு செய்யும். தாய் வேலைக்கு உடுத்திய சேலையின் மடியில் குழந்தை உறங்குவது நம் இல்லங்களில் அன்றாட நிகழ்ச்சி. ஆகவே வேலையுடையை வேலையிடத்திலேயே களைதல், உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல், கலத்தின் அருகில் தேநீர் அருந்தாமை ஆகியன சிறு விதிகளாகத் தோன்றினும், அடுத்த தலைமுறையின் நலம் அவற்றில் அடங்கியுள்ளது. சமையலறையிலோ குழந்தைகள் விளையாடும் திண்ணையிலோ பற்றாசுக் கலத்தை வைத்து வீட்டுத்தொழில் செய்தல் ஒருபோதும் கூடாது.

இவ்விழிப்புணர்வில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. 1999 பிப்ரவரியில் காரீய நச்சைத் தடுத்தல் பற்றிய சர்வதேச மாநாடு அந்நகரில் கூடியது. இந்நச்சு பற்றிய தேசியப் பரிந்துரை மையம் அந்நகரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அமைந்தது.

காரீயம் நீங்கிய பற்றாசு

ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் காரீயத்தை விலக்கின. இந்தியாவிலும் மின்னணுக் கழிவு பற்றிய விதிகள் சாதனங்களில் காரீயத்தின் அளவை 0.1 சதவீதத்திற்கு உட்படுத்தியுள்ளன. சில உறுப்புக்களுக்கு விலக்கு உண்டு. இதனால் வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சிறிதளவு சேர்ந்த பற்றாசுகள் வழக்கிற்கு வந்தன. இவை ஏறத்தாழ 217° முதல் 227° வரையிலான சூட்டில் உருகுவன. எனாமலை நீக்கக் கலத்தை எப்படியும் 390° அளவில் நிறுத்துவதனால், உருகும் சூடு உயர்ந்தது இவ்வேலைக்குத் தடையன்று.

ஆனால் இப்பற்றாசில் வெள்ளீயம் மிகுதி. ஆகவே கம்பி விரைந்து கரையும். சாதாரண எஃகுக் கிண்ணமும் நாளடைவில் அரிபடும். டைட்டேனியம், வார்ப்பிரும்பு அல்லது காப்புப் பூச்சுள்ள கிண்ணம் இதற்கு ஏற்றது. மேலும் காரீயம் நீங்கியமையால் எனாமலின் புகை நீங்கிவிடவில்லை. புகைப்போக்கியின் தேவை அப்படியே நிற்கின்றது.

ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும்

பள்ளியில் உருகிய பற்றாசைக் கையாள வேண்டுவதில்லை. இதன் அடிப்படையை ஓர் எளிய சோதனையால் மாணவர்க்கு விளக்கலாம். இரண்டு இரும்பு ஆணிகளின்மீது எனாமல் கம்பியை ஐம்பது சுற்றுக்கள் சுற்றுக. ஒன்றின் முனைகளை உப்புக் காகிதத்தால் நன்கு தேய்க்க. மற்றதன் முனைகளை அப்படியே விடுக. இரண்டையும் முறையே ஒரு டார்ச் மின்கலத்தோடு சிறிது நேரம் இணைத்துக் குண்டூசிகளின் அருகில் காட்டுக. முதலாவது ஊசிகளைக் கவரும்; இரண்டாவது கவராது. இரண்டு கம்பிகளும் செம்பு நிறமாகவே தோன்றுவதனால், காணப்படாத மேலாடை ஒன்று மின்சாரத்தைத் தடுக்கின்றது என்பதை மாணவர் தாமே உணர்வர். மூன்றாவது ஆணியில் முனையின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு, கம்பியைத் திருப்பித் திருப்பித் தொட்டுக் காட்டினால், விட்டுவிட்டு இயங்கும் இணைப்பின் இயல்பும் விளங்கும்.

களப்பணியாளர் பழுதான ரிலேயையோ வால்வுச் சுருளையோ சந்திக்கும்போது அதனை எறிந்துவிடுமுன் மின்தடையை அளந்து பார்க்க வேண்டும். அளவி முடிவிலியைக் காட்டினால் சுருள் முழுவதும் பாழ் என்று கொள்ள வேண்டுவதில்லை. கம்பி அறுவதும் இணைப்பு கெடுவதும் பெரும்பாலும் முனையில்தான். மெல்லிய கம்பி இணைப்பு நாக்கைத் தொடும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்குக. பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அங்கு அரிப்பு நேர்ந்துள்ளது. பற்றாசின் நடுவே கரும்புள்ளி இருந்தால் எனாமல் எஞ்சியுள்ளது. வெளிச் சுற்றில் ஒரு சுற்றை அவிழ்த்து, முனையைப் புதிதாகத் தூய்மை செய்து பற்றவைத்தால் சுருள் மீண்டும் உயிர்பெறக் கூடும். அளவு வேண்டியதைவிட மிகக் குறைந்திருந்தால் உள்ளே சுற்றுக்கள் தொட்டுக்கொண்டுள்ளன. அதனைத் திரும்பச் சுற்றுவதே வழி.

தெருவில் ஈயம் பூசியவர் தம் வேலை முடிந்ததும் பாத்திரத்தை வெயிலில் சாய்த்து, உட்புறம் முழுவதும் வெண்மை பரவியுள்ளதா என்று வீட்டாரிடம் காட்டிய பின்னரே கூலி பெற்றுச் சென்றார். கம்பி முனைக்கு ஈயம் பூசுபவரின் வேலையை அவ்வாறு பார்த்துச் சொல்ல வீட்டார் எவரும் இல்லை. அம்முனை மெழுகு பூசிய சுருளினுள்ளும் மூடிய பெட்டியினுள்ளும் மறைந்துவிடுகின்றது. மறுமுனையில் ஒருவர் பேசக் கேட்கும்போதும், வயலில் பம்பு தடையின்றித் தொடங்கும்போதும் அவ்வேலை செம்மையாக முடிந்தது என்பது தெளிவாகும்.